ஸ்டாண்டர்டு படிதான் நடக்கிறது, அப்புறம் ஏன் ஒரே சர்வர் திணறுகிறது?

கேள்வி இதுதான்: உள் நெட்வொர்க்கின் டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் அமைப்பில், ஒரே பெயருக்கு மூன்று ஏ ரெக்கார்டு (பெயருக்கான முகவரிப் பதிவு) வைத்திருக்கிறீர்கள், 10.20.30.10, 10.20.30.70, 10.20.30.200. மூன்றும் ஒரே மாதிரியான சர்வர்கள். அவற்றைப் பயன்படுத்தும் லினக்ஸ் கணினிகளும் அதே /24 சப்நெட்டில்தான் (முகவரியின் முதல் 24 பிட், அதாவது முதல் மூன்று எண்கள், எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் நெட்வொர்க் பகுதி) இருக்கின்றன, முகவரிகளைத் தானாகப் பகிர்ந்து கொடுக்கும் டிஹெச்சிபி அவற்றுக்கு .100 முதல் .250 வரை முகவரி கொடுக்கிறது. லோடு மூன்றாகப் பிரியும் என்று பார்த்தால், .200 மூச்சுத் திணறுகிறது, .70-க்குக் கொஞ்சம் பேர் வருகிறார்கள், .10 ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறது. டிஎன்எஸ் சர்வரைச் சோதித்தால் அது வரிசையை ஒழுங்காகச் சுற்றித்தான் அனுப்புகிறது. விவரம் தெரிந்தவரிடம் கேட்டதற்கு "இது பழுதே இல்லை, ஸ்டாண்டர்டு படிதான் நடக்கிறது" என்று சொல்லிவிட்டார். யார் பக்கம் நியாயம் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் டிஎன்எஸ் அமைப்பில் தவறில்லை. பதில் சொன்னவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மனதில் வைத்திருந்த ஸ்டாண்டர்டு 2003-இல் வந்தது. 2012-இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்துவிட்டது, உங்கள் நிலைமைக்கு அந்தப் புதியதில் நேர் எதிரான விடை இருக்கிறது. டிஎன்எஸ் தொடர்பான சண்டைகளில் பாதி இப்படித்தான். இரண்டு பக்கமும் ஏதோ ஒரு ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசும்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு பெயருக்குப் பல முகவரிகளை வைத்து, கேட்கும் ஒவ்வொருவருக்கும் வரிசையை மாற்றிக் கொடுப்பதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர். புரோகிராம்கள் பெரும்பாலும் பட்டியலில் முதலில் இருக்கும் முகவரியைத்தான் தொடும், அதனால் முதல் இடத்தைச் சுற்றிவிட்டால் லோடு தானாகப் பிரியும். செலவில்லாத வழி. 1995-இலேயே ஆர்எஃப்சி 1794 இதைப் பற்றிப் பேசியிருக்கிறது (ஆர்எஃப்சி என்பது இணையம் இயங்கும் முறைகளை எழுதிவைக்கும் ஆவண வரிசை). அந்தக் காலத்தில் புரோகிராம்கள் பெயரைத் தேட கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டன, அது டிஎன்எஸ் கொடுத்த வரிசையைப் பொதுவாக அப்படியே கையில் கொடுத்தது.

அப்புறம், 10.20.30.10 போன்ற பழைய ஐபிவி4 முகவரிகளுக்குப் பக்கத்தில், மிக நீளமான புதுவகை முகவரிகளோடு ஐபிவி6 வந்தது. பழைய ஃபங்ஷனுக்கு இரண்டு வகை முகவரிகளையும் சேர்த்துக் கையாளத் தெரியாது, எனவே எல்லோரும் கெட்அட்ரின்ஃபோ என்ற புது ஃபங்ஷனுக்கு மாறினார்கள். இதில் ஒரு புதுச் சிக்கல். ஒரு பெயருக்கு ஐபிவி4-உம் ஐபிவி6-உம் கலந்து ஆறு முகவரி வந்தால் எதை முதலில் முயல்வது? அதற்கு ஒரு பொது ஒழுங்கு வேண்டும் என்றுதான் 2003 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 3484 வந்தது. அதன் ஆறாம் பகுதியில் பத்து விதிகள். போய்ச் சேர முடியாத முகவரியைக் கடைசியில் தள்ளு, எல்லை பொருந்துவதை முன்னால் வை என்றெல்லாம் தொடங்கும், அவற்றில் யாருக்கும் பெரிய சண்டை இல்லை. பத்தாவது விதி "மற்றபடி வந்த வரிசையை மாற்றாதே" என்கிறது. ரவுண்ட் ராபின் பிழைத்திருப்பது இந்தப் பத்தாவது விதியால்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்பதாவது உட்கார்ந்திருக்கிறது: உன் சொந்த முகவரியோடு தொடக்கத்திலிருந்து அதிக பிட்டுகள் ஒத்துப்போகும் முகவரியை முதலில் வை.

இந்த ஒன்பதாவதை உங்கள் எண்களில் போட்டுப் பாருங்கள், முதல் மூன்று எண்களும் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் கடைசி எண்ணை மட்டும் பிட்டாக எழுதினால் போதும். 10 என்பது 00001010. 70 என்பது 01000110. 200 என்பது 11001000. இப்போது .180 என்ற கணினி இந்தப் பெயரைத் தேடுகிறது என்று வையுங்கள், 180 என்பது 10110100. முதல் பிட் 1, அது .200-உடன் மட்டும்தான் ஒத்துப்போகிறது, மற்ற இரண்டோடும் முதல் பிட்டிலேயே முறிந்துவிடுகிறது. எனவே .180-க்கு எப்போதும் .200-தான் முதல் இடம், டிஎன்எஸ் எந்த வரிசையில் அனுப்பினாலும். 128-இலிருந்து 255 வரை உள்ள எல்லா எண்களுக்கும் முதல் பிட் 1 என்பதால் அவை அத்தனைக்கும் இதே கதி. 64 முதல் 127 வரை 01 என்று தொடங்கும், அவை .70-க்குப் போகும். .10-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் கேட்கும் கணினியின் கடைசி எண் 63 அல்லது அதற்குள் இருக்க வேண்டும்.

உங்கள் டிஹெச்சிபி .100-இலிருந்து தொடங்குகிறது. ஆக .100 முதல் .127 வரை 28 முகவரிகள் .70-க்கு, .128 முதல் .250 வரை 123 முகவரிகள் .200-க்கு, .10-க்கு ஒருவரும் இல்லை. நீங்கள் சொன்ன கதை அப்படியே எண்களில் இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை. டிக் கட்டளையை வைத்துப் பார்க்காதீர்கள், அது டிஎன்எஸ்ஸிடம் நேராகப் பேசுகிறது, கெட்அட்ரின்ஃபோவைத் தொடுவதே இல்லை, அதனால் அதில் வரிசை அழகாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், பலர் ஏமாறுவது இங்கேதான். கெட்என்ட் கட்டளையில் ஏஹோஸ்ட்ஸ் என்று கொடுத்து அந்தப் பெயரைப் பத்து முறை கேளுங்கள். .180-இல் உட்கார்ந்து கேட்டால் .200 முதல் இடத்தில் ஆணி அடித்தது போல நிற்கும், பின்னால் .10-உம் .70-உம் மாறி மாறி வரும், ஏனென்றால் அவை இரண்டும் ஒன்பதாவது விதியில் சமம், பத்தாவது விதி அவற்றைத் தொடாமல் விட்டுவிடுகிறது. .110-இலிருந்து கேட்டால் மூன்றுமே அசையாது: .70, .10, .200, எப்போதும் இதே வரிசை. ஒரே பட்டியலில் ஒரு பகுதி உறைந்தும் ஒரு பகுதி சுற்றிக்கொண்டும் இருப்பதைப் பார்த்தால் அது ஒன்பதாவது விதியின் கைரேகை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இப்படி ஒரு விதியை ஏன் எழுதினார்கள்? எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆவணத்தின் தலைப்பே ஐபிவி6-க்கான முகவரித் தேர்வு என்றுதான் இருக்கிறது. ஐபிவி6-இல் முகவரிகள் மேலிருந்து கீழாக, பெரிய தொகுதியிலிருந்து சிறிய தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கப்படும், ஆகவே தொடக்க பிட்டுகள் அதிகம் ஒத்துப்போனால் இரண்டும் நெட்வொர்க்கில் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைத்தார்கள். ஒரே நிறுவனத்தின் தொகுதிக்குள் அது உண்மையும்கூட. ஆனால் கெட்அட்ரின்ஃபோ இரண்டு வகை முகவரிகளையும் ஒரே பட்டியலில் அடுக்க வேண்டியிருந்ததால் அதே விதி ஐபிவி4-க்கும் தொற்றிக்கொண்டது. ஐபிவி4-இல் தொகுதிகள் பல ஆண்டுகளாகக் கண்ட இடத்தில் கிழித்துக் கொடுக்கப்பட்டவை. பக்கத்து எண் என்றால் பக்கத்து இடம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

அதைவிட மோசம் நாட், அதாவது பல கணினிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை, அதற்குப் பின்னால் இருப்பவர்கள் நிலைமை. வீட்டுக் கணினியின் சொந்த முகவரி 192.168.1.10 போல ஏதாவது இருக்கும், அதற்கும் அந்தக் கணினி உலகில் எங்கே இருக்கிறது என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட முகவரிகளை வைத்துச் சொல்கிறேன்: ஒரு பெயருக்கு 192.0.2.10, 198.51.100.10, 203.0.113.10 என்று மூன்று இருந்தால், 192.168 கணினிக்கு முதலாவதோடு 8 பிட் ஒத்துப்போகும், இரண்டாவதோடு 5, மூன்றாவதோடு 4. உலகம் முழுக்க 192.168-க்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் முதல் சர்வரின் மேல் விழுவார்கள். ஆனால் 10.0.0.5 போன்ற முகவரியிலிருந்து பார்த்தால் மூன்றோடும் பூஜ்யம் பிட், எல்லாம் சமம், ரவுண்ட் ராபின் ஜோராக வேலை செய்யும்.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ஒரு டவுன்லோடு சர்வர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், வெளியிலிருந்து ஒருவர் "ஒரே சர்வர்தான் வருகிறது" என்று திரும்பத் திரும்ப எழுதினார், நாங்கள் அலுவலகத்தில் சோதித்தோம், எங்கள் உள் நெட்வொர்க் 10-இல் தொடங்கும், எல்லாம் சமமாகப் பிரிந்தது, "உங்கள் பக்கம் கேஷ் பிரச்சினை" என்று இரண்டு முறை பதில் அனுப்பினோம். மூன்றாவது முறை வீட்டிலிருந்து பார்த்தபோதுதான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியது நான்தான்.

இப்போது சண்டைக்கு வருவோம். லினக்ஸில் பெரும்பாலான புரோகிராம்கள் பயன்படுத்தும் ஜிலிப்சி லைப்ரரி இந்த விதியை ஐபிவி4-க்கும் சேர்த்து நடைமுறைப்படுத்தியது. 2007-இல் டெபியன் லினக்ஸில் இது பெரிய விவகாரமாகி அவர்களுடைய தொழில்நுட்பக் குழு வரை போனது. விண்டோஸிலும் இதே கதை நடந்தது. விஸ்டாவும் சர்வர் 2008-உம் விதியை அப்படியே பின்பற்றின, ரவுண்ட் ராபின் படுத்துவிட்டது, அப்புறம் ரெஜிஸ்ட்ரியில் அதை அணைக்க ஒரு வழி கொடுத்து, விண்டோஸ் 7-இல் இயல்பாகவே பழைய நடத்தைக்குத் திரும்பினார்கள்.

விதியை ஆதரித்தவர்கள் வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. டிஎன்எஸ்ஸின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 1034, அது 1987-ஐச் சேர்ந்தது, ஒரு பெயரின் ஒரே வகை ரெக்கார்டுகளுக்குள் வரிசைக்கு அர்த்தமில்லை, அதை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக ரவுண்ட் ராபினை நம்பியவர்கள்தான் ஸ்டாண்டர்டு தராத ஒன்றின் மேல் வீடு கட்டியிருக்கிறார்கள், வீடு சரிந்தால் லைப்ரரியைத் திட்டலாமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

எதிர்ப் பக்கம் சொன்னது இது. வரிசைக்கு அர்த்தம் இல்லை என்றால் எந்த வரிசையும் சரி என்று ஆகிறது, அப்போது எல்லோருக்கும் கேடு விளைவிக்கும் ஒரு வரிசையைத் தேடிப் பிடித்து வைக்க வேண்டிய அவசியம் என்ன? பன்னிரண்டு ஆண்டுகளாக உலகம் முழுக்க மிரர் (ஒரே கோப்புகளின் நகலை வைத்திருக்கும் சர்வர்) நடத்துபவர்கள் இதை நம்பி வேலை செய்கிறார்கள், ஒரு லைப்ரரியைப் புதுப்பித்த ஒரே காரணத்தால் அவர்கள் ஏன் இரவோடு இரவாக லோடு பேலன்சர் வாங்க வேண்டும்? அதோடு 3484-ஐக் கவனமாகப் படித்தால், ஒன்பதாவது பத்தாவது விதிகளை மட்டும், நல்ல இணைப்பு எது என்று தெரிந்துகொள்ள வேறு வழி இருந்தால், மீறலாம் என்று அதிலேயே இருக்கிறது. மற்ற எட்டுக்கும் அந்தச் சலுகை இல்லை. எழுதியவர்களுக்கே இந்த இரண்டின் மேல் முழு நம்பிக்கை இல்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

என் கட்சி எது என்று கேட்டால், இரண்டாவது. ஆனால் முதல் பக்கத்தாரின் ஒரு விஷயத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்: ரவுண்ட் ராபின் ஒருபோதும் வாக்குறுதியாக இருந்ததில்லை, அதைப் பழக்கமாகத்தான் பார்க்க வேண்டும். பழக்கத்தை உடைப்பவர் காரணம் சொல்ல வேண்டும், பழக்கத்தை நம்புபவர் மாற்றுவழி வைத்திருக்க வேண்டும்.

முடிவில் என்ன ஆனது? ஜிலிப்சி பாதி வழி இறங்கி வந்தது. அதன் நிரலிலேயே இந்த இடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, சப்நெட்டுக்கு வெளியே ஐபிவி4 முகவரிகளின் தொடக்க பிட்டுகளை ஒப்பிடுவதில் பொருளில்லை என்று. அதனால் இலக்கு வேறு சப்நெட்டில் இருந்தால் ஒப்பீடு பூஜ்யம், ரவுண்ட் ராபின் பிழைக்கும். இணையத்தில் இருக்கும் பெரும்பாலான சர்வர்களுக்கு இது போதும். ஆனால் கேட்பவரும் சர்வரும் ஒரே சப்நெட்டில் இருந்தால் அது எல்லா பிட்டுகளையும் எண்ணுகிறது. உங்களைக் கடித்தது இந்த மிச்சப் பாதிதான்.

2012 செப்டம்பரில் ஆர்எஃப்சி 6724 வந்து 3484-ஐ ஓய்வு பெற வைத்தது. ஒன்பதாவது விதியை அவர்கள் எடுக்கவில்லை, ஆனால் பிட்டுகளை எண்ணும் முறையை மாற்றினார்கள்: கேட்பவரின் நெட்வொர்க் பகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவு வரைக்கும் மட்டுமே எண்ண வேண்டும், அதற்குப் பிறகு இருப்பவை கணக்கில் வராது. காரணத்தையும் பின்னிணைப்பில் சொல்லியிருக்கிறார்கள், கணினியை அடையாளம் காட்டும் பிட்டுகள் தற்செயலாக ஒத்துப்போவதால் டிஎன்எஸ் வழி லோடு பகிர்வு கெட்டுவிடுகிறது என்று. உங்கள் /24-இல் இதைப் போட்டால் மூன்று சர்வருக்கும் 24, 24, 24. சமம். பத்தாவது விதி. முடிந்தது வேலை. நான் படித்த ஜிலிப்சி பதிப்புகளில் ஐபிவி4-க்கு இந்த வரம்பு இல்லை, சொல்லப்போனால் தலைகீழ்: 6724 எங்கே எண்ணுவதை நிறுத்தச் சொல்கிறதோ, அது அங்கேதான் ஒப்பிடவே தொடங்குகிறது. ஆக "ஸ்டாண்டர்டு படி" என்று சொன்னவரிடம் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான், எந்த ஸ்டாண்டர்டு படி?

ஐபிவி6-இலாவது இந்த விதி உருப்படியா என்றால், எனக்குச் சந்தேகம்தான். 2006-இல் உலகைப் பிரித்துக்கொண்டு முகவரிகளை ஒதுக்கும் ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொரு பெரிய /12 தொகுதி கொடுக்கப்பட்டது. அவற்றின் முதல் எட்டு பிட்டுகள் ஆசிய பசிபிக்குக்கு 00100100, வட அமெரிக்காவுக்கு 00100110, லத்தீன் அமெரிக்காவுக்கு 00101000, ஐரோப்பாவுக்கு 00101010, ஆப்பிரிக்காவுக்கு 00101100. ஐரோப்பாவில் ஒரு கணினி, தன் கண்டத்தில் சர்வர் இல்லாத ஒரு சேவையைத் தேடினால் என்ன ஆகும்? லத்தீன் அமெரிக்காவோடு 6 பிட் ஒத்துப்போகிறது, ஆப்பிரிக்காவோடு 5, வட அமெரிக்காவோடு வெறும் 4. நியூயார்க் இருக்க சாவ் பாவ்லோவுக்குப் போகச் சொல்லும் விதி இது. தொகுதிகளை எண் வரிசையில் அடுக்கியவர்கள் அட்லாண்டிக் கடலை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், அவர்கள் வேலையும் அது இல்லை. நடைமுறையில் இன்றைய பிரவுசர்கள் ஹாப்பி ஐபால்ஸ் என்ற முறையில் ஒன்று தாமதமானால் அடுத்ததையும் முயல்வதால் இது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை, ஆனால் சாதாரண புரோகிராம்கள் இன்றும் பட்டியலின் தலையைத்தான் தொடுகின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு "ஸ்டாண்டர்டை விடாப்பிடியாகப் பிடிப்பவர்கள்தான் எப்போதும் வில்லன்" என்று நினைத்துவிடாதீர்கள். நேர் எதிரான கதையும் இருக்கிறது. டிஎன்எஸ் வழக்கமாக யூடிபி என்ற, இணைப்பு ஏற்படுத்தாமல் அனுப்பும் முறையில் பேசும், அதன் பழைய பாக்கெட்டுக்கு 512 பைட் எல்லை. அதைத் தாண்டவும் புது வசதிகளைச் சேர்க்கவும் 1999-இல் இடிஎன்எஸ் என்ற விரிவாக்கம் வந்தது. புரியாத சர்வர் "எனக்கு இது புரியவில்லை" என்று ஒரு பிழைக் குறியீட்டை அனுப்பினால் போதும், ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ் சர்வர்களிடம் கேட்டுச் சொல்லும் மென்பொருள்) பழைய முறையில் மறுபடி கேட்டுக்கொள்ளும். ஆனால் சில சர்வர்கள், அவற்றுக்கு முன்னால் நின்ற சில ஃபயர்வால்கள், பதிலே சொல்லாமல் பாக்கெட்டை விழுங்கின. ரிசால்வர் எழுதியவர்கள் இரக்கப்பட்டார்கள். பதில் வரவில்லையா, கொஞ்சம் காத்திருந்து இடிஎன்எஸ் இல்லாமல் கேட்டுப் பார்ப்போம் என்று சுற்றுவழி போட்டார்கள். கொடுப்பதில் கறாராக இரு, வாங்குவதில் தாராளமாக இரு என்று 1980-இலேயே ஜான் போஸ்டல் சொல்லிவைத்த கொள்கைப்படி பார்த்தால் இது நல்ல பிள்ளைத்தனம்.

விளைவு என்ன தெரியுமா? பதில் வராததற்குப் பாக்கெட் வழியில் தொலைந்ததும் காரணமாக இருக்கலாம். நல்ல சர்வர் ஒன்றின் ஒரு பாக்கெட் தொலைந்தால்கூட, "இதற்கு இடிஎன்எஸ் தெரியாது போல" என்று ரிசால்வர் முடிவுகட்டிவிடும். பதில் போலியில்லை என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையெழுத்துகள் இடிஎன்எஸ் இல்லாமல் வராது. ஆக ஒழுங்காக வேலை செய்த தளம் சரிபார்ப்பில் தோற்று, திறக்காமல் போகும். உடைந்த சர்வரை வைத்திருந்தவருக்கு ஒரு வலியும் இல்லை, காரணம் எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். 2019 பிப்ரவரி 1-ஐக் கொடி நாள் என்று குறித்து, பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ், நாட் ரிசால்வர் (Knot, மேலே சொன்ன நாட் வேறு) ஆகிய டிஎன்எஸ் மென்பொருள்களை எழுதுபவர்கள் ஒன்றாகச் சேர்ந்து இந்தச் சுற்றுவழிகளை எடுத்தார்கள், பெரிய பொது ரிசால்வர்களும் கூடச் சேர்ந்தன. உலகம் இடிந்துவிடவில்லை. ஒருவர் மட்டும் எடுத்திருந்தால் "உன் ரிசால்வரில்தான் அந்தத் தளம் திறக்கவில்லை, பக்கத்து வீட்டில் திறக்கிறதே" என்று அவரைத்தான் எல்லோரும் மொத்தியிருப்பார்கள், ஒன்றாகச் செய்ததால்தான் பழி போக வேண்டிய இடத்துக்குப் போனது. மறு ஆண்டு 2020 அக்டோபர் 1-இல் இரண்டாவது கொடி நாள், யூடிபி பதில் 1232 பைட்டைத் தாண்ட வேண்டாம் என்று. ஐபிவி6 எல்லா இடத்திலும் தாங்க வேண்டிய 1280-இலிருந்து தலைப்புக்கு 40-உம் யூடிபிக்கு 8-உம் கழித்தால் வரும் எண் அது.

அந்த இடத்தில் கறார்தான் சரி, ஒன்பதாவது விதியில் கறார் தப்பு. இரண்டுக்கும் நான் ஒரே கேள்வியைத்தான் போட்டுப் பார்க்கிறேன்: பிழை செய்தவர் ஒருவர், வலி இன்னொருவருக்கா?

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதில் ஆவணமே வழவழா. சிநேம் ரெக்கார்டு என்பது "இந்தப் பெயரின் உண்மைப் பெயர் அது" என்று கைகாட்டும் பலகை. பதிலில் அது முகவரிகளுக்கு முன்னால் வர வேண்டுமா? 1034-இல் பதிலுக்கு முன்னுரையாக சிநேம்கள் வரலாம் என்பது போன்ற ஒரு வாசகம் இருக்கிறது. "கட்டாயம்", "பரிந்துரை" என்ற சொற்களுக்கு ஆர்எஃப்சிகளில் தனிப் பொருள் வகுத்தது 1997-இல்தான், இந்த ஆவணம் அதற்குப் பத்து ஆண்டு மூத்தது, ஆகவே அந்த வாசகம் கட்டளையா வர்ணனையா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 2026 ஜனவரியில் கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ரிசால்வரில் மெமரியை மிச்சப்படுத்தச் செய்த ஒரு மாற்றத்தால் சில பதில்களில் சிநேம் கடைசிக்குப் போய்விட்டது. ஜிலிப்சி பதிலை மேலிருந்து கீழாக ஒரே நடையில் படிக்கும், கைகாட்டும் பலகையைப் பார்ப்பதற்கு முன்னால் வரும் முகவரிகளை "இது நான் கேட்ட பெயர் இல்லையே" என்று தள்ளிவிட்டுப் போகும், கடைசியில் பலகையைப் பார்க்கும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. முழுப் பதிலையும் வாங்கி வைத்துக்கொண்டு தேடும் நிரல்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மாற்றத்தைத் திரும்பப் பெற்றார்கள். யார் குற்றம்? ஆவணத்தைச் சொற்படி பார்த்தால் வாதாடிக்கொண்டே இருக்கலாம், ஆனால் நாற்பது ஆண்டு ஒரே வரிசையில் வந்த ஒன்று எழுதப்படாத ஸ்டாண்டர்டு ஆகிவிடுகிறது.

இதே வகையில் மஸல் லைப்ரரியையும் சொல்லலாம், ஜிலிப்சிக்குப் பதிலாக, கன்டெய்னர்களில் பரவலான ஆல்பைன் லினக்ஸில் இருப்பது. பதில் பெரிதாகி வெட்டப்பட்டு வந்தால் டிசிபியில், அதாவது பெரிய பதிலுக்கும் இடம் தரும் இணைப்பு முறையில், மறுபடி கேட்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு, மஸல் வெகுகாலம் வேண்டுமென்றே அதைச் செய்யவில்லை, வந்ததை வைத்துக்கொண்டது. 2023-இல் வந்த 1.2.4 பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதுவரை "கன்டெய்னருக்குள் மட்டும் இந்தப் பெயர் கிடைக்கவில்லை" என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

உங்கள் விஷயத்துக்கே திரும்புகிறேன், என்ன செய்யலாம்? ஜிலிப்சியின் கெய்.கான்ஃப் கோப்பில் ஏதாவது மாற்றிப் பார்க்கலாமா என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அதில் முன்னுரிமைகளையும் லேபிள்களையும் மாற்றலாம், ஒன்பதாவது விதியை அணைக்க அதில் வழி இல்லை. மிக எளிதான வழி, மூன்று சர்வர்களையும் வேறு சப்நெட்டுக்கு, சும்மா 10.20.31-க்கு, நகர்த்திவிடுவது. கேட்பவர் சப்நெட்டுக்கு வெளியே போன உடனே ஒப்பீடு பூஜ்யமாகி வரிசை சுற்றத் தொடங்கிவிடும். கணினிகளின் நெட்மாஸ்க்கும் (எதுவரை தன் சப்நெட் என்று கணினிக்குச் சொல்லும் அமைப்பு) உண்மையாகவே /24 என்று இருக்க வேண்டும், யாராவது வசதிக்காக /16 என்று போட்டு வைத்திருந்தால் 31-உம் உள்ளேயே விழும், நகர்த்தியும் பயன் இருக்காது.

நகர்த்த முடியாது என்றால் டிஎன்எஸ் பக்கத்தில் ஒரு தந்திரம்: ஒரு கேள்விக்கு மூன்று முகவரியையும் கொடுக்காமல், சுற்று முறையில் ஒன்றே ஒன்றைக் கொடுங்கள். ஒரே முகவரியை எந்த விதியாலும் வரிசை மாற்ற முடியாது. ஆனால் நடுவில் கேஷ் வைத்திருக்கும் ரிசால்வர் ஒன்று இருந்தால் அது தன்னிடம் கேட்கும் எல்லோருக்கும் அந்த ஒன்றையே டிடிஎல் (பதிலை நினைவில் வைத்திருக்கும் கால அளவு) முடியும்வரை கொடுக்கும், லோடு கட்டி கட்டியாக நகரும், ஆகவே டிடிஎல்லைக் குறைவாக வைக்க வேண்டும். அதோடு அந்த ஒரு சர்வர் விழுந்துவிட்டால் அடுத்ததை முயலப் புரோகிராமிடம் ஒன்றும் இருக்காது. இந்த இழப்பைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

புரோகிராம் உங்கள் கையில் எழுதப்பட்டது என்றால் இன்னும் நல்லது, கெட்அட்ரின்ஃபோ கொடுத்த பட்டியலை நீங்களே குலுக்கிவிட்டு முதலாவதைத் தொடுங்கள், நாலு வரி வேலை. இல்லாவிட்டால், ஒரு சேவை எந்தெந்த சர்வரில் கிடைக்கும் என்று சொல்லும் எஸ்ஆர்வி ரெக்கார்டு. 2000-இல் வந்த ஆர்எஃப்சி 2782-இல் முன்னுரிமை, எடை என்று இரண்டு எண்கள் வைத்து, எடைக்கு ஏற்ற விகிதத்தில் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதியே வைத்திருக்கிறார்கள், பழக்கத்தை நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு ரெக்கார்டும் ஒரு பெயரைத்தான் காட்டும், அந்தப் பெயருக்கு ஒரே முகவரி என்று வைத்துக்கொண்டால் ஒன்பதாவது விதிக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே குறை, புரோகிராமுக்கு எஸ்ஆர்வி தெரிந்திருக்க வேண்டும், பிரவுசர்களுக்குத் தெரியாது.

சர்வர்களை நகர்த்தினாலும், டிஎன்எஸ்ஸில் ஒன்றே ஒன்றைக் கொடுத்தாலும், செய்து முடித்த பிறகு (குலுக்கலும் எஸ்ஆர்வியும் இதில் தெரியாது) கெட்என்ட் சோதனையை .110-இலிருந்து ஒரு முறையும் .180-இலிருந்து ஒரு முறையும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு இடத்திலும் முதல் வரி மாறிக்கொண்டே இருந்தால் சரியாகிவிட்டது. நகர்த்திய பிறகு ஒன்றில் மட்டும் மாறுகிறது என்றால், மாறாத கணினியின் நெட்மாஸ்க்கைப் போய்ப் பாருங்கள்.